சூப் ஆலையும் ஆமை மருத்துவமனையும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்முனையிலிருந்து கடலுக்குள் வளைந்து செல்லும் தீவுத்தொடர் புளோரிடா கீஸ். அதன் மேற்குக் கோடியிலுள்ள கீ வெஸ்ட் நகரம் ஒரு காலத்தில் ஆமை வணிகத்துக்குப் பேர்போனது. அங்கே விலைபோனது, தமிழகக் கடற்கரையில் பேராமை எனப்படும் அதே இனம்தான்.

மல்லாத்திப் போட்ட ஆமை தீனியும் தண்ணீரும் இன்றி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளிர்பதன வசதியில்லாத காலத்துக் கப்பல்களுக்கு இதைவிட வாகான இறைச்சி இல்லை. 1513இல் அவ்வழியே வந்த ஸ்பானியர் போன்ஸ் தெ லியோனின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகளைப் பிடித்தனர். அவர்கள் ஆமை பிடித்த தீவுகளுக்கு ஆமையின் பெயரே நிலைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கீ வெஸ்டில் ஆமை சூப்பை டப்பாவில் அடைக்கும் தொழில் வளர்ந்தது. உள்ளூர்க் கடலில் ஆமை அருகிவிடவே, கேமன் தீவு மாலுமிகள் நிகரகுவா கரையோரம்வரை சென்று பிடித்து, பாய்மரக் கப்பல்களில் கொண்டுவந்தார்கள். வெட்டும் நாள் வரும்வரை ஆமைகள் துறைமுகத்தில் கழி நட்டு அடைத்த பட்டிகளில் உயிரோடு காத்திருந்தன. 1971வரை இது நடந்தது. அழியும் உயிரினங்களுக்கான சட்டம் 1973இல் வந்தது; 1978இல் பேராமையும் அதன் பாதுகாப்புக்குள் சேர்க்கப்பட்டது.

அதே தீவுத்தொடரின் நடுவிலுள்ள மாரத்தான் ஊரில் 1986இல் ஆமை மருத்துவமனை பிறந்தது. அதைத் தொடங்கிய ரிச்சி மொரெட்டி கால்நடை மருத்துவர் அல்லர். வோக்ஸ்வாகன் கார்களைப் பழுதுபார்த்தவர். அவர் வாங்கிய மோட்டலில் ஓர் உப்புநீர்க் குளம் இருந்தது. அதில் ஆமை விட அனுமதி கேட்டபோது, சிகிச்சைக்காக என்றால் மட்டுமே வைத்திருக்கலாம் என்று பதில் வந்தது. அரசு விதித்த நிபந்தனையே மருத்துவமனையாக வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. மோட்டல் வருமானம் ஆமைகளுக்குச் செலவானது. பக்கத்திலிருந்த இரவு விடுதிக் கட்டடத்தையும் 1990களில் அவர் வாங்கி, அறுவைச் சிகிச்சைக்கு இடமாக்கினார்.

அங்கு வரும் பேராமைகள் பலவற்றுக்குக் கண்ணிலும் துடுப்பின் அடியிலும் பூக்கோசு போன்ற கட்டிகள் இருக்கும். ஹெர்ப்பிஸ் வகை வைரஸோடு தொடர்புடைய இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் பதிவுசெய்தது 1938இல். அந்த ஆமை பிடிபட்டதும் கீ வெஸ்டில்தான். வெளிக்கட்டிகளை லேசரால் அகற்றலாம். உள்ளுறுப்புகளில் பரவியிருந்தால் வழியில்லை. வலியில்லாமல் உயிரை முடித்துவிடுவார்கள்.

மற்ற காயங்கள் பெரும்பாலும் மனிதர் தந்தவை: தூண்டில் முள், துடுப்பை இறுக்கிய தூண்டில் நரம்பு, படகின் விசிறி வெட்டிய ஓடு. ஓடு உடைந்த ஆமைகளில் சிலவற்றின் உடலுக்குள் காற்று தங்கிவிடும். பின்புறம் மேலே எழும்பி மிதக்க, முக்குளிக்க முடியாமல் போகும். ஓட்டில் எடை ஒட்டிச் சமன்செய்கிறார்கள். ஓட்டின் மேல்தகடு உதிரும்போது எடையும் விழுந்துவிடும் என்பதால், இத்தகைய ஆமைகளைக் கடலில் விடுவதில்லை, காட்சியகங்களுக்கு அனுப்புகிறார்கள். குளிரும் ஆமையை முடக்கும்: 2010 ஜனவரியில் மட்டும் புளோரிடாவில் 4,500க்கும் மேற்பட்டவை விறைத்து மிதந்தன.

2005இல் வில்மா புயல் மோட்டலுக்குள் கடல்நீரைக் கொண்டுவந்தது. அதன்பின் அறைகள் விருந்தினருக்குத் திறக்கப்படவில்லை, ஊழியர்கள் தங்குகிறார்கள். செலவுக்குக் கைகொடுப்பது, மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க வருவோர் தரும் கட்டணமும் நன்கொடையும்.