ஆண்டிஸ் மலையின் நோய்

நோயைக் கண்டறிவது மருத்துவரின் கடமை. நோயில்லாதவரை நோயாளி என்று கூறாதிருப்பதும் அவருடைய கடமையே. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றிய ஒருவரின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் ஆண்டிஸ் மலைமீது சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் செர்ரோ தே பாஸ்கோ என்னும் சுரங்க நகரம் இருக்கிறது. கடலோரத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். இம்மலைகளைக் கடந்தபோது தமக்கு நேர்ந்த குமட்டலையும் தளர்ச்சியையும் அக்கோஸ்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1590-இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். பிராணவாயுக் குறைவே இதற்குக் காரணம் என்று 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் நிலைநாட்டினார். மலையேறியவரின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதை 1890-இல் வியோ என்பவர் கண்டார்.

1921-22-இல் பிரிட்டிஷ் அறிஞர் ஜோசப் பார்கிராப்ட் செர்ரோ தே பாஸ்கோவுக்குச் சென்று ஆராய்ந்தார். உயரத்தில் வாழ்வோர் அனைவரும் உடலாற்றலும் மனவாற்றலும் குன்றியவர்கள் என்பது அவர் முடிவு. ஒரு மக்களினத்தின் மீதே விழுந்த தீர்ப்பல்லவா இது?

லிமா நகர மருத்துவர் கார்லோஸ் மோன்ஹே இதனை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்து வாழும் மக்கள் நலமுடையவர்களே. கீழிருந்து வந்த பார்கிராப்டே மலைநோயுற்ற நிலையில் அவர்களை அளந்துவிட்டார் என்று அவர் வாதிட்டார். ஆயினும் தம் மக்கள்மீது கொண்ட பற்று அவர் கண்ணை மறைக்கவில்லை. மலைவாசிகளில் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவு மீறிப் பெருகி, இரத்தம் தடித்து, தலைவலியும் மூச்சுத் திணறலும் உண்டாவதை 1925-இல் முதன்முதலாக அவரே எடுத்துரைத்தார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதற்குச் சிறந்த பரிகாரம் மலையை விட்டு இறங்குவதே. ஆனால் பிழைப்பும் சுற்றமும் மலைமேல் இருக்க, எளியவர் எங்கே இறங்குவார்? ஆகவே இரத்தத்தைச் சிறிது வெளியேற்றுதல் போன்ற துணைமுறைகள் கையாளப்படுகின்றன. ஹைட்ரஜன் வாயுவுக்கு உயிரணுக்களைச் சிதைக்கும் சில பொருள்களை அடக்கும் ஆற்றல் உண்டென 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதன்பின், அவ்வாயுவைக் கரைத்த நீர் இந்நோய்க்குத் துணையாகுமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. அது துணையாகலாம் என்பது எண்ணமேயன்றி, மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம் அன்று.

பிறர் கூறிய தீர்ப்பையும், தமக்கு உவப்பான முடிவையும் ஒரே தராசில் நிறுத்தார் மோன்ஹே. புதிய மருந்துகளையும் அதே தராசில் நிறுப்பதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.