ஆவாரம்பட்டைத் தோலும் மதுரைச் சீமைக் காலணியும்

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் காலணி வெயிலுக்கும் முள்ளுக்கும் அஞ்சிப் பிறந்த பொருள். மழைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 85 செ.மீ. மழையே பெறும் இந்நிலத்தில், அம்மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிப் பெய்து ஓய்ந்துவிடும். கோடையிலோ வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். கருவேல முள்ளும் நெருஞ்சியும் வண்டிப்பாதைகளெங்கும் கிடக்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் களியாகிக் காலைக் கவ்வும் நாட்களில் உழவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். ஓடையைக் கடக்கும்போதும் அதுவே வழக்கம். நனைவது காலுக்குக் கேடென்று இங்கு எவரும் கருதியதில்லை. காய்ந்த தரையில் தோல் காலைக் காத்தது, ஈரத் தரையில் கால் தோலைக் காத்தது. இன்று கடைகளில் விற்கும் நடைப் பூட்ஸ்களில் பெரும்பாலானவை, மேல்தோலுக்கும் உள்துணிக்கும் இடையே நீர்புகாத மென்படலம் ஒன்றைப் பொருத்தியே வருகின்றன. அப்படலம் இல்லாத தோல் பூட்ஸைத் தேடுவோர் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிய, இந்தச் சமவெளியின் தோல் தொழில் வரலாறு பெரிதும் உதவும்.

பாண்டியர் தலைநகரில் காலணி பழைய பொருளே. சங்க நூல்கள் அதைத் 'தொடுதோல்' என்றழைக்கின்றன. தொடுதல் என்பதற்கு அணிதல் என்று பொருள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மதுரைத் தெருக்களில் திரிந்த கள்வரை வருணிக்கும்போது, அவர்கள் வாளும் நூலேணியும் கொண்டிருந்ததோடு காலில் தோல் அணிந்திருந்ததையும் குறிக்கிறது. மதில் ஏறுவதற்குரிய கருவிகளோடு காலணியும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது கவனத்துக்குரியது. செருப்புக்கும் காலுக்கும் இடையே புகுந்த சிறு பரல்போலப் பகைவரை வருத்துபவன் என்று ஒரு வீரனைப் புறநானூறு காட்டுகிறது. நெடுந்தூரம் நடந்து பழகிய சமூகத்துக்கே அந்த உவமை தோன்றும். ஆயினும் இப்பகுதியில் நிலைத்தது வாரிட்ட செருப்புத்தான். காலை முழுதும் மூடும் காலணி வேரூன்றவில்லை. வெப்பம் அதற்கு ஒரு காரணம். வீட்டு நிலைப்படியிலும் கோயில் வாசலிலும் களத்து மேட்டிலும் காலணியைக் கழற்றியாக வேண்டும் என்னும் வழக்கம், கயிறு கட்டி இறுக்கும் காலணிக்கு இடமளிக்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

இச்சமவெளியில் தோலின் முதற்பெரும் தேவை காலுக்கன்று, கிணற்றுக்கே ஏற்பட்டது. மின்சாரப் பம்புசெட்டு வரும்வரை கிணற்றுப் பாசனம் கமலையை நம்பியிருந்தது. மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, நீர் நிறைந்த சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கைபோல் நீண்டு தொங்கும் தோற்குழாய் வாய்க்காலில் நீரைக் கொட்டும். அந்தத் தோல் நாள் முழுதும் நீரில் நனையும், கல்லில் உராயும், இரவில் காய்ந்து விறைக்கும். அதைத் தைத்துக் கொடுப்பதும், எண்ணெய் பூசிப் பதமாக வைப்பதும், கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் ஊர்த் தோல் தொழிலாளியின் கடமை. அதற்குக் களத்தில் தானியம் அளக்கப்பட்டது. பழைய தமிழ் இத்தொழிலாளரைச் 'செம்மான்' என்றது. பிற்காலத்தில் இப்பணி பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்டது. அவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவதால், விசயநகர, நாயக்கர் காலக் குடிப்பெயர்ச்சியோடு அவர்கள் வருகையை ஆய்வாளர் பலர் இணைக்கின்றனர். திருமலை நாயக்கர் காலத்தோடு பொருத்திச் சொல்லப்படும் மதுரைவீரன் கதையில், காட்டில் விடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்ப்பவர்கள் தோல் தொழில் செய்யும் இணையரே. அவ்வீரனுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே இன்றும் வழிபாடு நடக்கிறது.

நீரில் கிடக்கும் தோல் அழுகாமல் இருக்க வேண்டுமானால் அது பதனிடப்பட வேண்டும். பதனிடுதல் என்பது தோலின் நார்களுக்குள் துவர்ப்புச் சத்தை ஏற்றி, அது அழுகாதபடியும் காய்ந்தாலும் பலகைபோல் ஆகாதபடியும் செய்யும் வேலை. மதுரைச் சீமைக்கு அத்துவர்ப்பைத் தந்தது ஆவாரை. பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் காப்புக் கட்டப்படும் அதே மஞ்சள் பூச்செடிதான். வறண்ட மேட்டு நிலத்தில் தானாக முளைத்து, ஆடும் மாடும் பெரிதாகத் தீண்டாமல் விடுவதால் தழைத்து நிற்கும் இச்செடியின் பட்டையில் சுமார் 18 விழுக்காடு துவர்ப்புச் சத்து உண்டு. கிளைகளை வெட்டி, மரக்கொட்டாப்புளியால் தட்டி, பட்டையை உரித்துக் காயவைத்து விற்பது வேலை கிடைக்காத மாதங்களில் ஏழைப் பெண்களுக்குக் கூலியானது. தரிசு என்று வருவாய்க் கணக்கில் எழுதப்பட்ட நிலம், இவ்வாறு ஒரு பெருந்தொழிலுக்கு மூலப்பொருளை அளித்துக்கொண்டிருந்தது.

அப்பெருந்தொழில் திண்டுக்கல்லில் வேர்கொண்டது. 1985இல் தனி மாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதி. பதனிடும் ஆலையை அங்கே மக்கள் 'தோல் ஷாப்பு' என்றே சொல்வர். அவற்றை முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் பிறரும் நடத்த, குழிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியரும் பிற ஒடுக்கப்பட்ட சமூகத்தவருமே. வேலை முறை பல வாரங்கள் நீளும். உப்பிட்ட பச்சைத்தோல் முதலில் நீரில் ஊறும். பின் சுண்ணாம்புக் குழியில் கிடந்து மயிர் தளரும். மயிரும் உட்புறச் சவ்வும் கத்தியால் வழிக்கப்படும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த குழிகளில், இளஞ்சாற்றிலிருந்து கடுஞ்சாற்றுக்குப் படிப்படியாக மாற்றப்படும். ஒரே நாளில் கடுஞ்சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும் என்பதைத் தொழிலாளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி நிறம் வெளுக்கச் செய்து, புங்க எண்ணெய் தேய்த்து நிழலில் உலர்த்துவர். வெட்டு விளிம்பைப் பார்த்தால் பதம் தெரியும்: முழுக்க ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் சாறு நடுவரை போயிருக்கிறது, நடுவில் வெளிறிய கோடு ஓடினால் வேலை முடியவில்லை.

இத்தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. வணிகர் அதற்கு இட்ட பெயர் 'ஈஸ்ட் இண்டியா கிப்'. கிப் என்பது கன்றுத்தோலுக்கும் பெருமாட்டுத் தோலுக்கும் இடைப்பட்ட அளவுள்ள தோல். இந்நாட்டு மாடு உருவில் சிறியதாகையால் அதன் முழுத்தோலே அந்த வகையில் அடங்கியது. அங்கே அத்தோல் மறுபடி சீவப்பட்டு, மாட்டுக் கொழுப்பும் மீனெண்ணெயும் ஏற்றப்பட்டுப் பூட்ஸின் மேல்தோல் ஆனது. முதல் உலகப் போரின்போது படைவீரர் பூட்ஸுக்கு இதன் தேவை பெருகியதால், 1916 முதல் இந்திய அரசே பதனிட்ட கிப்புகளை வாங்கிப் போர் அலுவலகத்துக்கு அனுப்பியது. பிரான்சின் சேற்றுக் குழிகளில் நின்ற வீரனின் காலைச் சுற்றியிருந்தது, தென்னாட்டு மேட்டு நிலத்தின் ஆவாரம்பட்டை பதமாக்கிய தோலாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. அந்தப் பூட்ஸில் எந்தப் படலமும் இல்லை. நீரைத் தடுத்தது நார்களுக்குள் ஏறிய கொழுப்பு. வியர்வையை வெளியேற்றியது கொழுப்புக்குப் பின்னும் அடைபடாமல் நின்ற நுண்துளைகள். முற்றிலும் நீர்புகாத காலணி என்று அதை எவரும் சொல்லவில்லை. நனைந்தால் உலரும், உலர்ந்தால் எண்ணெய் பூசலாம், அடி தேய்ந்தால் மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு.

கமலையும் பூட்ஸும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்வும் உண்டு. சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்கு உழைத்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 அளவில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் குரோம் முறையைச் சோதிக்கத் தொடங்கியபோது அவர் முதலில் கருதியது கமலைத் தோலையே. குரோம் முறை என்பது மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் பதனிடுவது. வாரக்கணக்கான வேலை அதில் ஓரிரு நாளில் முடியும், அத்தோல் நீரையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். பாசனத் தோல் நெடுநாள் உழைத்தால் உழவனுக்கு ஆதாயம் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த அம்முயற்சி, விரைவில் செருப்பும் பூட்ஸும் செய்யும் பட்டறையாக வளர்ந்தது. அரசு தொழில் நடத்தலாகாது என்று 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு லண்டனிலிருந்து விதித்த கொள்கை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பல்லாவரம் அருகே பின்னர் எழுந்த தனியார் ஆலையின் நினைவைக் குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் இன்றும் சுமக்கிறது. திண்டுக்கல்லின் பட்டை முறை உடனே மறையவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரையோடு கலந்தும் அதற்குப் பதிலாகவும் புழங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. உலகின் காலுக்குத் தோல் தந்தவர்களுக்குத் தங்கள் காலில் தோல் அணியும் உரிமை மறுக்கப்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டோர்மேல் எட்டுத் தடைகளை விதித்தனர். சட்டை அணியக் கூடாது, நகை பூணக் கூடாது என்பவற்றோடு, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. இதை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆதிக்கத் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற கொடுமை மதுரைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் நெடுங்காலம் நீடித்தது. ஓடையில் கையிலெடுத்த செருப்பு மனிதன் தன் வசதிக்காகச் செய்தது. தெருவில் கையிலெடுத்த செருப்பு அவன் மானத்தைப் பறித்தது. ஆலைக்குள்ளும் நிலைமை வேறாக இல்லை. சுண்ணாம்பு நீரில் வெறுங்காலோடு நின்றவர்களின் விரலிடுக்குகள் புண்ணாயின, நகங்கள் அரித்துப்போயின. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் அடிமை வாழ்வையும் அவர்கள் சங்கம் கண்டு எழுந்ததையும் களமாகக் கொண்ட டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. பழைய பதனிடு முறையைப் போற்றுவோர் அந்த நாவலையும் படிக்க வேண்டும். தோலின் தரம் வேறு, அதைச் செய்யவைத்த முறை வேறு. கழிவுநீரின் கேடும் சிறியதன்று. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே தமிழகத்துத் தோல் ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தாக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு வந்தன.

மென்படலத்தின் வரவு மிக அண்மையது. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், டெஃப்லான் என்று அறியப்படும் வேதிப்பொருளைச் சூட்டில் சட்டென்று இழுத்து விரித்தால் நுண்துளைகள் நிறைந்த ஏடாக அது மாறுவதைக் கண்டார். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசப்படும் அதே பொருள்தான் இது. அதன் துளைகள் நீர்த்துளிக்குச் சிறியவை, நீராவிக்குப் போதுமானவை. 'கோர்-டெக்ஸ்' என்ற பெயரில் 1976 முதல் ஆடைகளுக்கும், பின்னர் காலணிகளுக்கும் அது பரவியது. பனியும் குளிர்மழையும் உள்ள நாட்டில் அதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால் படலத்தின் வழியே வியர்வை ஆவி வெளியேற, காலணிக்கு உள்ளே ஈரமும் வெப்பமும் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்க வேண்டும். அவ்வேறுபாடே ஆவியைத் தள்ளும் விசை. மதுரையில் மழை பெய்யும் ஐப்பசியில் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரம் நிறைந்தும் இருப்பதால் அவ்விசை மிகக் குறைகிறது; ஆகவே படலம் தேவைப்படும் ஒரே பருவத்தில்தான் அது மிகவும் சோர்ந்து வேலை செய்கிறது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறி உள்ளே புகுந்துவிட்டால், அதை வெளியே விடாமல் காப்பதும் அதே படலமே. எஞ்சிய மாதங்களில் அது காலுக்கு மேலும் ஒரு போர்வை. இச்சமவெளியில் நடப்பதற்கும், இங்கிருந்து சிறுமலையோ அழகர்மலையோ ஏறுவதற்கும் படலமற்ற தோலே ஏற்றது என்பது, நிலத்தையும் பருவத்தையும் வைத்துப் பார்த்தால் எளிதில் துணியக்கூடிய முடிவு.

வாங்குவோர் ஏமாறாதிருக்கச் சில அடையாளங்கள் உண்டு. நாக்குப்பகுதியை வெளியே இழுத்து உட்புறத்தைத் தடவினால், தோலே உள்ளுறையாக இருந்தால் சொரசொரப்பும் பதனிட்ட தோலின் வாடையும் தெரியும்; படலம் உள்ளவற்றில் வழவழத்த வலைத்துணி தட்டுப்படும், பெரும்பாலும் படலத்தின் வணிகப்பெயரும் அதில் தைக்கப்பட்டிருக்கும். எண்ணெயேற்றிய மேல்தோலை விரலால் உள்ளிருந்து அழுத்தினால் அவ்விடம் நிறம் வெளிறி, விட்டதும் மீளும். பிளாஸ்டிக் பூச்சிட்ட தோலில் அம்மாற்றம் தெரியாது. அடி தைக்கப்பட்டதா வெறுமனே ஒட்டப்பட்டதா என்பதைத் தெருமுனையில் குத்தூசியும் மெழுகு நூலுமாக அமர்ந்திருக்கும் தொழிலாளியிடம் காட்டினால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

பட்டையால் பதனிட்ட இந்தத் தோலுக்கு 'ஈஸ்ட் இண்டியா லெதர்' என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குரிய புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களோடு திண்டுக்கல்லும் அத்தொழிலுக்குரிய இடமாக அறியப்பட்டது. தோல் இங்கே இருக்கிறது, தைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன, ஆவாரையும் மேட்டு நிலங்களில் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. இவற்றை ஒன்றுசேர்த்து, நியாயமான கூலியும் காலுக்கும் கைக்கும் தக்க பாதுகாப்பும் தந்து, இந்த வெயிலுக்கு ஏற்ற நடைப் பூட்ஸைச் செய்து விற்க மதுரைத் தொழில்முனைவோர் முன்வர வேண்டும்.