கொச்சி ராஜாவின் விருந்தாளிகள்

எர்ணாகுளத்துப் படகுத்துறையில் மாலை ஐந்து மணி வெயிலில் நின்றுகொண்டு, சூரியாஸ்தமனம் பார்ப்பதற்காகச் சீட்டு வாங்கியபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சூரியன் தினந்தோறும் இலவசமாகத்தான் அஸ்தமிக்கிறான். மொட்டை மாடியில் ஏறி நின்றால் போதும். ஆனால் என்னோடு வந்திருந்த நண்பர், பாங்கி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், "சூரியனுக்குக் காசில்லை ஸார், படகுக்குத்தான் காசு" என்று விஷயத்தைத் தெளிவுபடுத்தினார்.

படகில் சுமார் ஐம்பது பேர் இருந்தோம். ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தது. ஐம்பது பேரும் சேர்ந்து போட்ட இரைச்சலைக் காட்டிலும் அதன் இரைச்சல் அதிகம். அதன் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்துகொண்டு, வலது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள் என்று மூன்று பாஷைகளில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். நாங்களும் பார்த்தோம். வலது பக்கத்தில் போல்காட்டித் தீவு. டச்சுக்காரர்கள் 1744-ல் கட்டிய மாளிகை மரங்களுக்கு நடுவே தெரிகிறது. அதைத் தாண்டினால் வல்லார்பாடம். 2011-ல் திறந்த பெட்டகத் துறைமுகத்தின் ராட்சசப் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகளைப் போல வரிசையாக நிற்கின்றன. இடது பக்கத்தில் வில்லிங்டன் தீவு.

அந்தத் தீவை யாரும் வரைபடத்தில் கண்டுபிடிக்கவில்லை; கொட்டி உண்டாக்கினார்கள். கொச்சியின் வாயிலில் ஒரு மணல்திட்டு நீருக்கடியில் படுத்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்கள் போய்ச் சரக்கை இறக்கிவரும். மழைக்காலம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. 1920-ல் வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் அந்தத் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். 1928 மே மாதம் 26-ம் தேதி 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைப் போட்டு நிரப்பிய இடம்தான் வில்லிங்டன் தீவு, ஏறக்குறைய 780 ஏக்கர். இதையெல்லாம் பையன் நன்றாகவே சொன்னான்.

அவன் சொல்லாமல் விட்டது அந்த வாயில் எப்படி வந்தது என்பதை. 1341-ல் பெரியாற்றில் ஒரு பிரளயம் வந்தது. அது வடக்கே கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண்ணால் மூடிவிட்டு, இங்கே கடலுக்கு ஒரு புது வாசலைத் திறந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் சரித்திரம். மூடப்பட்ட அந்தக் கழிமுகம் நமக்கு அந்நியமானதல்ல. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்லுகிற முசிறி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. முசிறிக்கு மூடிய கதவு கொச்சிக்குத் திறந்தது. திறந்த கதவுக்குள் யார் யாரெல்லாம் வந்தார்கள் என்பதுதான் மற்ற கதை.

வாயிலை நெருங்கினோம். வலப்புறம் வைப்பின் தீவு, இடப்புறம் கொச்சிக் கோட்டைக் கரை. நடுவே மேற்கு முழுவதும் தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல ஜொலித்தது. கரையோரத்தில் சீனவலைகள் கறுத்த எலும்புக்கூடுகளாக நின்றன. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கட்டித் தொங்கும் கற்கள் கீழே இறங்க, பிரம்மாண்டமான வலை சாவதானமாக மேலே எழுந்தது. அதிலிருந்து சொட்டிய நீரும் தங்கமாகவே இருந்தது. மீன் மட்டும் அதிகமில்லை. அப்போது தண்ணீரில் இரண்டு கறுப்பு முதுகுகள் வளைந்து எழுந்து மறைந்தன. "டால்பின்!" என்று ஐம்பது பேரும் படகின் ஒரே பக்கத்துக்கு ஓடியதில் சூரியாஸ்தமனத்துக்கு முன்பே எங்கள் அஸ்தமனம் நேர்ந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

ஒலிபெருக்கி இப்போது உச்சஸ்தாயிக்குப் போயிற்று. வாஸ்கோடகாமா இந்த வழியாகத்தான் வந்தார்; 1524 டிசம்பர் 24-ம் தேதி இந்த ஊரில்தான் இறந்தார்; அதோ அந்தக் கரையிலுள்ள மாதாகோவிலில்தான் புதைத்தார்கள்; 1539-ல் எலும்புகளைப் போர்த்துகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் வந்தவனுடைய பெயரை இத்தனை கம்பீரமாகச் சொல்லுகிற இடத்தில், 'வா' என்றவனுடைய பேச்சையே காணோம்.

"யார் அந்த 'வா' என்றவன்?" என்று கேட்டார் நண்பர்.

சொன்னேன். போர்த்துகீசியர் முதலில் கொச்சிக்கு வரவில்லை; கள்ளிக்கோட்டைக்குத்தான் போனார்கள். 1500-ல் வந்த கபராலுக்கும் அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த அரபு வர்த்தகர்களுக்கும் தகராறு முற்றி, டிசம்பரில் பறங்கிகளின் பண்டசாலை தாக்கப்பட்டது. சுமார் ஐம்பது பேர் மாண்டார்கள். கபரால் துறையிலிருந்த கப்பல்களைக் கொளுத்தி, ஊரின்மேல் பீரங்கியால் சுட்டுவிட்டு, தெற்கே வந்து டிசம்பர் 24-ம் தேதி கொச்சிக்கு வெளியே நங்கூரம் போட்டான்.

கொச்சி ராஜா அப்போது பெரிய ராஜா அல்ல. அவருடைய வம்சமே சாமூதிரி மன்னர்களுக்கு இடங்கொடுத்து இடங்கொடுத்துத் தெற்கே நகர்ந்து, 1405-ல் கொச்சிக்கு வந்து சேர்ந்த வம்சம். கள்ளிக்கோட்டைக்கு அடங்கிய சிற்றரசர். சொந்தமாக நாணயம் அடிக்கக் கூடாது. தம்முடைய அரண்மனைக்கு ஓடு போட்டுக் கூரை வேயக்கூடக் கூடாது என்று, அந்தக் காலத்தில் மலையாளக் கரையில் உத்தியோகம் பார்த்த துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் எழுதியிருக்கிறார். அவரவர் வீட்டுக்கு அவரவர் ஓடு போட முடியாத நிலையை எண்ணிப் பாருங்கள். நாணயத்தைவிட எனக்கு அந்த ஓடுதான் மனத்தில் உறுத்துகிறது.

அந்த ராஜா கபராலுக்கு மிளகு கொடுத்தார். கரையிறங்கிய பறங்கிகளின் பத்திரத்துக்குப் பிணையாக நாயர் பிரபுக்கள் சிலரைக் கப்பலுக்கு அனுப்பினார். கப்பலில் சாப்பிடுவது அவர்களுடைய ஆசாரத்துக்கு விரோதம். ஆகவே தினந்தோறும் ஆள் மாற்றி அனுப்புவார்கள். 1501 ஜனவரியில் சாமூதிரியின் கப்பற்படை வருகிறதென்று கேள்விப்பட்டதும் கபரால் இரவோடு இரவாகப் பாய் விரித்துவிட்டான். கரையிலிருந்த தன்னுடைய ஆட்களையும் விட்டுவிட்டான். கப்பலில் பிணையாக இருந்த நாயர்களையும் இறக்கிவிடவில்லை. அவர்கள் சில நாள் அன்னம் தொடாமல் இருந்துவிட்டு, பிறகு மிகுந்த துக்கத்தோடு சாப்பிட்டார்கள் என்று அதே கப்பற்கூட்டத்தில் இருந்த ஒருவன் எழுதி வைத்திருக்கிறான்.

"ராஜா என்ன செய்தார்? கரையிலிருந்த பறங்கிகளின் தலையை வாங்கியிருப்பாரே?"

வாங்கவில்லை. அவர்களைத் தம்முடைய பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார்.

நண்பர் பேசாமல் கொஞ்ச நேரம் மேற்கே பார்த்தார். சூரியன் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. பிறகு, "மிளகுக் கணக்குத்தான் ஸார். ஆள் போனால் வாடிக்கை போய்விடும்" என்றார்.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், 1503-ம் வருஷத்துச் சமாசாரத்தைப் படிக்கிற வரையில். வாஸ்கோடகாமா இரண்டாம் முறை வந்து திரும்பிய பிறகு, சாமூதிரி கொச்சியின் மேல் படையெடுத்தார். பறங்கிகளை ஒப்படைத்துவிடு என்பதுதான் கோரிக்கை. கொச்சிப் பிரபுக்களில் சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள்; சிலர் எதிரியின் பக்கமே போய்விட்டார்கள். இந்த ஊரைக் காப்பதற்கென்று விட்டுப் போயிருந்த போர்த்துகீசியக் கப்பற்படையின் தலைவன் விசென்தே சோத்ரே, அரபுக் கப்பல்களைக் கொள்ளையடித்தால் லாபம் அதிகமென்று செங்கடல் பக்கம் போய்விட்டான். போன இடத்தில் புயலில் மூழ்கி இறந்தான். ஆக, விருந்தாளியின் சொந்தக்காரனே கைவிட்டான், வீட்டுக்காரர்தான் கைவிடவில்லை. சண்டையில் பட்டத்துக்குரிய இளவரசர் நாராயணன் உயிரிழந்தார். கொச்சி எரிந்தது. ராஜா தம்மிடமிருந்த பறங்கிகளையும் அழைத்துக்கொண்டு, இந்த வாயிலைத் தாண்டி, எங்களுக்கு வலப்புறம் இருட்டிக்கொண்டிருந்த அந்த வைப்பின் தீவுக்குப் போய் அடைக்கலம் புகுந்தார். நல்ல வேளையாக மழைக்காலம் வந்து சண்டையை நிறுத்திற்று.

வியாபாரக் கணக்கு மருமகனோடு நின்றுவிடும் என்பது என் அபிப்பிராயம். மருமக்கள் தாயத்தில் மருமகன்தான் வாரிசு. வாரிசையும் ஊரையும் பறிகொடுத்த பிறகும், ஒரு சில அந்நியர்களை ஒப்படைக்க மறுப்பதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும். அது தர்மமா, வீம்பா, ஓடு போட முடியாதவனுடைய பல வருஷக் கோபமா, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்ததா? கோபத்துக்கு நான் பாதிக்கு மேல் இடம் கொடுப்பேன். இவரைப் புகழ்ந்து எழுதியிருப்பவர்கள் போர்த்துகீசியர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களுக்கு இவரைப் போன்ற நல்லவர் உலகத்திலேயே கிடையாது. புகழ்ந்த வாய்க்குப் பெயர் மட்டும் சரியாக நுழையவில்லை. 'திரிமும்பாரா' என்று எழுதி வைத்தார்கள்.

இதற்குள் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டது. ஒலிபெருக்கிகூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டது. சிவந்த வட்டம் சற்றே தட்டையாகி, குடத்தைப்போலாகி, கரைந்துபோயிற்று. சிலர் கைதட்டினார்கள். எதற்காகத் தட்டினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை; நானும் தட்டினேன்.

படகு திரும்பியது. நண்பர் விடவில்லை. "அப்புறம்?"

அப்புறம் 1503 செப்டம்பரில் பிரான்சிஸ்கோ அல்புகர்க் கப்பல்களோடு வந்தான். ராஜாவை மறுபடி கொச்சியில் அமர்த்தினான். கைம்மாறாக ஒரு கோட்டை கட்டிக்கொள்ள இடம் கேட்டான். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை அது. ராஜா கொடுத்த தென்னை மரங்களை நட்டுத்தான் முதல் மதில் எழுந்தது. 1505-ல் வந்த அல்மெய்தா, போர்த்துகல் மன்னன் அனுப்பிய பொற்கிரீடத்தை அடுத்த ராஜாவின் தலையில் சூட்டினான். சூட்டுகிற கைக்குக் கழற்றவும் தெரியுமல்லவா? அதன் பிறகு யார் பட்டத்துக்கு வரவேண்டும் என்பதிலேயே கோட்டைக்காரர்கள் தலையிட ஆரம்பித்தார்கள். ஒரு கோவிலைக் கொள்ளையடித்துவிட்டு, ராஜாவைச் சமாதானப்படுத்துவதற்காக 1555-ம் வருஷ வாக்கில் மட்டாஞ்சேரியில் ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். ஓட்டுக் கூரை போட்ட அரண்மனைதான். 1663-ல் போர்த்துகீசியரை விரட்டிய டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். அவ்வளவுக்கே இன்றுவரை அதற்கு 'டச்சு அரண்மனை' என்று பெயர்.

படகு இப்போது மட்டாஞ்சேரிக் கால்வாயில் வந்துகொண்டிருந்தது. பழைய பண்டசாலைகளின் சுவர்கள் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு நின்றன. விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. இந்தப் பக்கத்துத் தெருக்களைக் காலையில் நடந்தே பார்த்திருந்தோம். அரண்மனையை ஒட்டினாற்போல யூதர்களின் ஜெபாலயம். கொடுங்கல்லூரில் இருக்க முடியாமல் வந்தவர்களுக்கு ராஜா தம்முடைய வாசலிலேயே இடம் கொடுத்தார்; 1568-ல் அதைக் கட்டினார்கள். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1760-ல் எழுந்த மணிக்கூண்டு மட்டும் போகவில்லை. கோவாவில் போர்த்துகீசியர் கொடுமை தாங்காமல் ஓடிவந்த கொங்கணிகளுக்கும் இங்கேதான் இடம் கிடைத்தது. போர்த்துகீசியருக்கு இடம் கொடுத்த அதே ஊரில்! கோட்டைப் பக்கம் போனால் கல்தொட்டிகளில் துணி துவைக்கிறவர்கள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். டச்சுச் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் பரம்பரை என்று சொல்லுகிறார்கள். "எந்த ஊர் நீங்க?" என்று அன்று காலையில் ஒரு பெரியவரைக் கேட்டதற்கு, "கொச்சிதான், வேறே எது?" என்று சற்றுக் கோபமாகவே பதில் சொன்னார்.

"கோட்டை எங்கே ஸார்?" என்றார் நண்பர்.

"1806-ல் இங்கிலீஷ்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறது."

"அப்போது தென்னை மரத்துக்கு வந்த லாபம்?"

நான் பதில் சொல்லவில்லை. வில்லிங்டன் தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு எர்ணாகுளத்தை நோக்கி வந்தோம். 2023-ல் ஓட ஆரம்பித்த மின்சாரப் படகுகளில் ஒன்று, ஆபீஸ் விட்டு வைப்பினுக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல் எங்களைக் கடந்து போயிற்று. நண்பர் தலையைத் திருப்பி அது போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையில் இறங்கும்போது, ஒலிபெருக்கியின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த பையனிடம் அவர் நின்றார்.

"ஏன் தம்பி, ராஜாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

"ஏது ராஜாவு, சாரே?"

"வைப்பினுக்குப் போனாரே, அவர்தான்" என்றார் நண்பர். சொல்லிவிட்டு, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரேயிருந்த பெஞ்சியில் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கபராலிலிருந்து ஆரம்பித்தார்.