பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் கல்லூரிச் சேர்க்கையும்: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

அமெரிக்காவில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. குறைந்த மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் காட்டுவதா, விடுவதா என்பதைப் பல கல்லூரிகள் மாணவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டில் இதையொத்த கேள்வி பிளஸ் ஒன் மதிப்பெண்ணைச் சுற்றி எழுந்தது. அதற்கு அரசே விடை சொன்னது. அந்த விடை நியாயமானது, ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் அது நிறைவு பெறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் பல பள்ளிகள் முதலாண்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. நீட், ஜேஇஇ வினாக்கள் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வருவதால் பாதிப்பு மாணவர் தலையில் விழுந்தது. இதைச் சரிசெய்ய 2017இல் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடந்தது. ஆண்டுக்கு 600 வீதம் 1200 மதிப்பெண் என்பது தொடக்கத் திட்டம். 2018 செப்டம்பரில் அரசு அதை மாற்றி, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றது. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபும் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியலிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

இந்த முடிவின் அருமை பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் தெளிவாகப் புரியும். பத்தாம் வகுப்புவரை தமிழிலோ உருதுவிலோ படித்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறும்போது மதிப்பெண் சரிவது இயல்பு. அந்தச் சரிவு மொழி மாறிய சிரமத்தைத்தான் காட்டுகிறது. பிள்ளையின் திறனை அதைக்கொண்டு எடைபோட முடியாது. எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று சொல்லித்தர வீட்டில் விவரம் தெரிந்தவர் வேண்டும். தாய் ஷூ கம்பெனியிலும் தந்தை டேனரியிலும் உழைக்கும் வீட்டில், கல்லூரிப் படி ஏறும் முதல் ஆளுக்கு அந்த வாய்ப்பு அரிது. விருப்பத்துக்கு விட்டால், ஆலோசனை கிடைத்த பிள்ளை குறைந்த மதிப்பெண்ணை விட்டுவிடும்; கிடைக்காத பிள்ளை எல்லாவற்றையும் எழுதி வாய்ப்பை இழக்கும். விதி வைத்தால் இருவரும் சமம். ஜேஇஇ மெயின் தேர்வை இருமுறை எழுதியவரின் சிறந்த மதிப்பெண்ணைத் தேர்வு முகமையே எடுத்துக்கொள்வதும் இந்த நியாயத்தின்படிதான்.

குறைந்த மதிப்பெண்ணைச் சொல்லாமல் விடுவது நேர்மைக் குறைவல்லவா என்று கேட்கலாம். கேட்டதை மறைப்பது பொய். கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யாகாது. ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு பிளஸ் ஒன் மதிப்பெண்ணையும் அப்படியே தரவேண்டும். பயிற்றுமொழி மாறியதை விளக்கி, பிளஸ் டூவில் கண்ட முன்னேற்றத்தைச் சுட்டினால் அந்தக் குறைந்த எண்ணே மாணவருக்குச் சாதகமாகலாம்.

இனி நிபந்தனைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025–26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பதினாறு வயதுப் பிள்ளையின் தேர்வுச் சுமை குறைவது நல்லதே. ஆனால் முதலாண்டுப் பாடம் மீண்டும் ஒதுக்கப்பட்டால், அதை டியூஷனில் ஈடுகட்ட முடியாத பிள்ளைதான் முதலில் பின்தங்கும். கல்லூரி பார்க்க வேண்டாத மதிப்பெண்ணை மாணவரும் ஆசிரியரும் பார்த்தே ஆகவேண்டும்.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிளஸ் ஒன்னுக்குப் பொது வினாத்தாளில் ஆண்டுத் தேர்வு நடத்தலாம். பிளஸ் டூ தொடங்குமுன், தடுமாறிய பாடங்களுக்கும் மொழிமாற்றத்துக்கும் சிறப்பு வகுப்பு வைக்கலாம். அந்த மதிப்பெண் எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் இடம்பெறக் கூடாது என்பதை அரசாணையாகவே உறுதிசெய்யலாம். தவறிக் கற்கும் உரிமை, வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று.