தகரக் குவளையும் பேப்பர் கப்பும்

இன்று நாம் பயன்படுத்தும் பேப்பர் கப் முதலில் எதற்காக வந்தது தெரியுமா? டீ குடிக்க என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். கிடையாது. பச்சைத் தண்ணீர் குடிக்க! அதுவும் கிருமி பயத்தில். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி ஒரு நாட்டு மக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப் போய், அதிலிருந்து ஒரு பெரிய வியாபாரமே பிறந்த கதை இது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம், அமெரிக்கா. பள்ளிக்கூடம், ரயில், ரயில் நிலையம் என்று எங்கே போனாலும் தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு தகரக் குவளை தொங்கும். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரே குவளைதான். நம்மைப் போல அண்ணாந்து குடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. உதடு வைத்துத்தான் குடிப்பார்கள். கழுவுவது அபூர்வம்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். விஞ்ஞானிகளுக்கு விஷயம் தெரியும். குவளையை எடுத்துக் குடிக்கும் பிள்ளைக்குத் தெரியாதே! அப்போது அமெரிக்காவில் மிக அதிகம் பேரைக் கொன்ற நோய்களில் காசநோயும் ஒன்று.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். சாமுவேல் கிரம்பைன். டாட்ஜ் சிட்டியில் வைத்தியம் பார்த்த டாக்டர். 1904-ல் கன்சாஸ் மாநில சுகாதார வாரியத்தின் செயலாளர் ஆனார். பாமர மக்களுக்குப் புரிகிற மாதிரி பேசத் தெரிந்த மனிதர். ஈக்களை ஒழிக்க "ஈயை அடி" என்ற கோஷத்தைப் பரப்பினார். அதைக் கேட்ட ஃபிராங்க் ரோஸ் என்ற பள்ளி ஆசிரியர், கம்பி வலைத் துண்டை ஒரு அளவுகோலில் பொருத்தி ஈ அடிக்கும் மட்டை செய்தார். "நடைபாதையில் துப்பாதே" என்ற வாசகத்தைச் செங்கல்லிலேயே பதிக்க வைத்தார் கிரம்பைன். குனிந்து துப்பப் போகிறவன் கண்ணில் அது படும் அல்லவா! என்ன ஒரு யோசனை!

ரயிலில் காசநோயாளிகள் குடித்த அதே குவளையில் ஒரு சிறுமியும் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் பொதுக் குவளையை எதிர்க்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அதே சமயம், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் லாஃபயெட் கல்லூரி உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன், பள்ளிக் குவளைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உதடுகளிலிருந்து உதிர்ந்த தோல் துணுக்குகளும் அவற்றோடு ஒட்டிய பாக்டீரியாக்களும் தெரிந்தன. 1908-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே "பள்ளிக் குடிநீர்க் குவளைகளில் மரணம்"! பெற்றோர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்?

1909-ல் கன்சாஸ் பொதுக் குவளையைத் தடை செய்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1912-ல் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ரயில்களிலும் தடை வந்தது.

குவளை போய்விட்டது. சரி, இனி தண்ணீரை எதில் குடிப்பது? பி.காம். படிக்கும் எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. லாரன்ஸ் லுவெல்லன், ஹியூ மூர் என்ற இருவரும் ஒரு சென்ட்டுக்குக் குளிர்ந்த தண்ணீரும் ஒரு பேப்பர் கப்பும் தரும் இயந்திரத்தோடு வந்தார்கள். சும்மா கிடைத்த தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனால் முதலில் கிருமியைப் பற்றிய பயத்தை விற்றார்கள். பொதுக் குவளைக்கு எதிராகத் தனிப் பத்திரிகையே நடத்தினார்கள்! 'ஹெல்த் கப்' என்ற பெயர் 1919-ல் 'டிக்ஸி கப்' ஆனது. 1921-ல் கம்பெனி டேவிசனின் ஈஸ்டன் பக்கமே குடிபோனது.

இதுவரை கேட்டால் வெற்றிக் கதை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. காசநோய் முக்கியமாகக் குவளையால் பரவுவதில்லை! நோயாளி இருமும்போது வெளியேறும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, அதைச் சுவாசிப்பவருக்குப் பரவுகிறது. காற்றோட்டமில்லாத நெரிசலான அறைதான் பெரிய ஆபத்து. அதற்காகக் கிரம்பைன் செய்தது தவறு என்று சொல்லிவிட முடியாது. எச்சிலால் பரவும் நோய்கள் வேறு பல உண்டு. குவளையை எடுத்தது நல்லதுதான்.

ஆனால் மக்கள் மனதில் பதிந்தது என்ன? "கிருமி என்றால் மரணம், அது பொருட்களில் ஒட்டியிருக்கும், காசு கொடுத்துப் புதுப் பொருள் வாங்கினால் தப்பிக்கலாம்." எந்தக் கிருமி எந்த வழியாக வருகிறது என்பது பதியவில்லை. பெரும்பாலான நுண்ணுயிர்கள் நமக்குத் தீங்கு செய்வதில்லை, பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான் என்பதும் பதியவில்லை. பேப்பர் கப்பை விற்கலாம். திறந்த ஜன்னலை யாரால் விற்க முடியும்?

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2020-ல் கொரோனா வந்தபோது காய்கறியையும் பால் பாக்கெட்டையும் சோப்பு போட்டுக் கழுவினோம். அதே வீட்டின் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தோம்.

பிள்ளைகளுக்குக் கிருமியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது அவசியம். ஆனால் பயத்தோடு நிறுத்திவிட்டால், மீதிப் பாடத்தை விளம்பரக்காரர்கள் நடத்திவிடுவார்கள். "எந்தக் கிருமி, எந்த வழியாக?" என்று கேட்க ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அதை ஏமாற்றுவது கஷ்டம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?