விலை குறைந்த காரும் செலவு குறைந்த காரும்

ரொறன்ரோவில் வாழும் உறவினர் ஒருவரின் மகன் அண்மையில் எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய பேரனார் சரவணையிற் பிறந்தவர். அவர் கனடாவில் பிறந்தவர். "பெரியப்பா, இருபது வருடம் ஓடிய போர்ஷே பொக்ஸ்ரர் ஒன்று மலிவாக வருகிறது. புதிய சின்னக் கார் ஒன்றின் பாதி விலைகூட இல்லை. வாங்கலாமா?" என்பது கேள்வி. காரைப்பற்றிக் கேட்பதற்குப் பத்திரிகைக்காரனிடம் ஏன் வந்தார் என்று முதலில் எண்ணினேன். ஆனால், பழைய கார் ஒன்றை ஓடவைப்பதற்கு என்ன செலவாகும் என்ற கணக்கு யாழ்ப்பாணத்தாருக்கும் தீவகத்தாருக்கும் தெரிந்த அளவுக்குப் பிறருக்குத் தெரிந்திருக்காது. எழுதத் தொடங்கிய பதில் நீண்டு ஒரு சிறு வரலாறாகி விட்டதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று தொடரும் ஊர்காவற்றுறை வீதியிற் போனால் சரவணை வரும். இப்பகுதி மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வணிகம் செய்தவர்கள். அந்தப் பணம் ஊரிற் கல்வீடாகவும் கோயிற் திருப்பணியாகவும் மாறியது. மிகச் சிலரிடம் காராகவும் மாறியது. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ 55, மொறிஸ் மைனர் ஆகியன அக்காலத்து யாழ்ப்பாண வீதிகளின் கார்கள். கார் வைத்திருந்தவர் வீட்டுப் படலையை நள்ளிரவிலும் தட்டுவதற்கு ஊருக்கு உரிமை இருந்தது. பிரசவ வலியென்றாலும் பாம்புக்கடியென்றாலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவ்வேளையில் கார் 'ஸ்ராட்' ஆகுமா ஆகாதா என்பது உயிர்ப் பிரச்சினை. காரின் நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருந்த பொருள் அதுதான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் அது மேலும் இறுகியது. பிற நாடுகளிற் கார் பழசாகப் பழசாக விலை இறங்கும். இலங்கையில் விலை ஏறியது. இந்தத் தலைகீழான சந்தையில் 1950களில் வந்த கார்களை எப்படியாவது ஓடவைத்தே தீரவேண்டும் என்ற நிலை உருவானது. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்களின் கைத்திறன் இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்தது.

இனி ஸ்போர்ட்ஸ் காருக்கு வருகிறேன். இருவர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரை திறந்த, செந்நிறக் கார் என்றால் அது வேறு உலகத்துப் பொருள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 'பி சீரிஸ்' என்று பெயர் பெற்ற அதே எஞ்சின்தான் ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ 55இலும் இருந்தது. கேம்பிறிஜில் ஏறக்குறைய 50 குதிரைவலு தந்த எஞ்சினுக்கு இரண்டு காபுரேற்றர்களைப் பூட்டி, வேறு சில மாற்றங்களையும் செய்தபோது அது 70ஐ அண்மித்தது. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதைதான். அதன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அக்காலத்து மொறிஸ் மைனரிலும் இருந்தது. திசைதிருப்பும் பொறியும் மைனரிலிருந்து எடுத்ததே. இந்தியாவில் ஹிந்துஸ்தான் அம்பாஸடருக்கு 1959இற் பூட்டிய எஞ்சினும் அதே 1489 பி சீரிஸ். கல்கத்தாவின் வாடகைக் காரும், சரவணைக்கு வந்து போன கேம்பிறிஜும், இங்கிலாந்துச் செல்வந்தர் மகன் ஓட்டிய எம்.ஜி.யும் எஞ்சின் வழியில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த உறவில்தான் பராமரிப்புச் செலவின் இரகசியம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் சாதாரணக் கார்களைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே உற்பத்தியாகும். அதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட உதிரிப்பாகம் அரிது. எனவே விலை உயர்ந்தது. சாதாரணக் காரோடு பங்கிட்டுக்கொண்ட பாகமோ எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனைப் பூட்டத் தெரிந்தவர் எந்தச் சந்தியிலும் இருப்பார்.

மறுதலைக்கும் எம்.ஜி. நிறுவனமே சான்று தருகிறது. 1958இல் எம்.ஜி.ஏ. காருக்கு 'ருவின் காம்' என்ற சிறப்பு எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள். வால்வுகளை இயக்க மேலே இரண்டு தண்டுகள். எரிபொருட் கலவையை எஞ்சின் இறுக்கும் அளவு 9.9க்கு 1. வேகம் மிகுந்த கார்தான். ஆனால் தரம் குறைந்த பெற்றோலை ஊற்றினாலோ, எரியூட்டும் நேரம் சற்றுப் பிசகினாலோ அதன் பிஸ்ரன்கள் உருகி ஓட்டையாயின. உத்தரவாதத்தின்கீழ்ப் பழுதுபார்த்தே நிறுவனம் களைத்தது. பின்னர் இறுக்க அளவைக் குறைத்தார்கள். கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. 1960இல் உற்பத்தி நின்றது. மொத்தம் 2,111 கார்கள். அவற்றிற் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் உரிமையாளர்களே சாதாரண பி சீரிஸ் எஞ்சினைப் பூட்டிக்கொண்டார்கள் என்பது வேடிக்கையான செய்தி. கேம்பிறிஜின் எஞ்சின் வந்து மானத்தைக் காத்தது!

இப்போது 1990க்கு வருவோம். அவ்வாண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையில் இருந்தது. தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாதை அந்தக் கோட்டையின் காலடியிலேயே தொடங்குகிறது. எனவே அந்த வழியாக எந்த வாகனமும் போக முடியவில்லை. 1990, 1991 ஆண்டுகளில் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தபோது கையிற் தூக்கக்கூடியவற்றையே எடுத்துச் சென்றார்கள். கார் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரில் விடப்பட்ட கார்களுக்குப் பராமரிப்புச் செலவு அத்தோடு முடிந்தது.

குடாநாட்டில் கதை வேறு. அரசு விதித்த பொருளாதாரத் தடையிற் பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அடங்கின. மின்சாரம் இல்லை. எங்கள் தொழிலின் நிலையையும் ஒரு வரியிற் சொல்லிவிடுகிறேன்: அச்சுத்தாள் இல்லாமல், மாணவர் பயிற்சிக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில் நாளேடு அச்சான காலம் அது. இரகசியமாக வந்து சேர்ந்த பெற்றோலின் விலை தென்னிலங்கை விலையிற் பன்மடங்கு. மண்ணெண்ணெயும் மலிவன்று, ஆயினும் அதுதான் ஓரளவு கிடைத்தது.

அந்த மண்ணெண்ணெயில் ஒஸ்ரினும் மொறிசும் ஓடின. சிறு போத்தல் ஒன்றிற் பெற்றோல் வைத்து, சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. முன்பக்கத் துளையில் 'ஹாண்டில்' செருகிக் கையாற் சுழற்றினாற் போதும். இது எங்கள் ஊர் மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்வாருண்டு. பெருமையைக் குறைக்கும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் பிரித்தானிய விவசாயிகள் 1940களிலேயே ஃபெர்குசன் உழவு இயந்திரத்தை இதே முறையில் ஓட்டினார்கள். பெற்றோலிற் தொடங்கிப் பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும் வகையிலேயே அதன் ஒரு மாதிரி தொழிற்சாலையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தாரின் திறமை, உழவு இயந்திரத்துக்குச் செய்ததைத் தொழிற்சாலை இல்லாமலே காருக்குச் செய்ததில் இருக்கிறது.

இது ஏன் சாத்தியமானது? மண்ணெண்ணெய் இறுக்கத்தைத் தாங்காத எரிபொருள். அதிகம் இறுக்கினால் வேளைக்கு முன்னரே தானாகப் பற்றிக்கொண்டு எஞ்சினைத் 'தட்ட' வைக்கும். ஏ 40இன் இறுக்க அளவு 7.2க்கு 1 மட்டுமே. தரமான பெற்றோல் கிடைக்காத நாடுகளுக்கென்று ஏ சீரிஸ், பி சீரிஸ் எஞ்சின்களையும் குறைந்த இறுக்கத்தில் விற்றார்கள். அக்காலத்தில் அது அரைகுறைப் பண்டம். குதிரைவலு குறைவு என்று எவரும் மதிக்கமாட்டார்கள். முப்பது ஆண்டுகளின் பின்னர் குடாநாட்டில் அந்தக் குறைபாடே காரைக் காப்பாற்றியது. ருவின் காம் ஒன்று 1992இல் யாழ்ப்பாணத்தில் நின்றிருந்தால், மண்ணெண்ணெயிற் சில மைல் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

செலவு இல்லாமல் இது நடக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாகக் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலில் தாங்கிகள் தேயும். பிளக்குகளிற் கரி படியும். அடிக்கடி 'ஹெட்' கழற்றிச் சுரண்ட வேண்டும். பின்னாற் சைக்கிளில் வருபவர் புகையில் இருமிக்கொண்டே வருவார். ஆனால் தேய்ந்ததைத் திருத்தக்கூடிய கைகள் ஊரில் இருந்தன. புதிய பாகம் இல்லையென்றாற் பழைய காரொன்றிலிருந்து கழற்றினார்கள். அதுவும் இல்லையென்றாற் கடைசலிற் செய்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தச் சனவெள்ளத்தின் நடுவே உழவு இயந்திரங்களோடும் மாட்டுவண்டிகளோடும் இந்தக் கிழட்டுக் கார்களும் ஊர்ந்தன. முதியோரையும் நோயாளரையும் சுமந்த அந்தக் கார்களுக்கு அன்று என்ன விலை மதிப்பிட முடியும்?

எஞ்சினைப்பற்றியே பேசி விட்டேன். உண்மையிற் பழைய காரைக் கொல்வது எஞ்சின் அல்ல, உப்பு. தீவகத்திற் கடற்காற்று நாற்புறமும் வீசும். பண்ணைப் பாதையிலோ கடல்நீர் வீதியோரத்தில் நிற்கும். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகரக் கூடே சட்டகம். கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிபோன்ற பகுதி துருப்பிடித்தால் கார் நடுவிற் தொய்ந்து கதவு மூடாது போகும். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரும் இதே அமைப்புத்தான். கூரையும் இல்லாததால் முழுப் பாரமும் அந்தப் பகுதியிலேயே தங்கும். அதன் எஞ்சினை மீளக் கட்டுவதைவிடத் துருவை வெட்டி ஒட்டும் ரிங்கரிங் வேலைக்கே கூடப் பணம் போகும். இதற்காகவே 1988 முதல் பிரித்தானியாவில் அதன் முழுத் தகரக் கூட்டையும் புதிதாக அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். ரொறன்ரோவிற் கடல் இல்லை. ஆனால் மாரியில் வீதிக்குக் கொட்டும் உப்பு சரவணைக் கடற்காற்றைத் தோற்கடிக்கும். ஆகவே பளபளக்கும் பெயின்ரைப் பார்க்காமல், காரை உயர்த்தி அடிவயிற்றைப் பார்ப்பவரே கெட்டிக்காரர்.

தம்பி கேட்ட பொக்ஸ்ரருக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். கார் பழசாக அதன் விலை இறங்குகிறது. உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. பாதி விலைக்கு வாங்கியவர் முழு விலைக் காரின் பராமரிப்பையே சுமக்க வேண்டும். அத்தோடு 1990களின் இறுதியிலிருந்து 2008 வரையான பொக்ஸ்ரர், 911 கார்கள் பலவற்றில் எஞ்சினுக்குள்ளேயுள்ள இடைத்தண்டின் தாங்கி ஒன்று பெயர்பெற்ற பலவீனம். எல்லாக் கார்களிலும் அது உடைவதில்லை. உடைந்தால் எஞ்சினே போய்விடக்கூடும். புதிய எஞ்சினின் செலவு காரின் விலையையும் தாண்டலாம். அமெரிக்காவில் இது வழக்காகி, 2001 முதல் 2005 வரையான மாதிரிகள் தொடர்பில் 2013இல் இணக்கத்தில் முடிந்தது. ஆகவே அந்தத் தாங்கி மாற்றப்பட்டதா, பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாமென எழுதினேன். மாற்றாக 1989இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ். 5ஐச் சுட்டினேன். அதன் முதல் எஞ்சின் மஸ்டாவின் சாதாரணக் குடும்பக் காரான 323இன் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. கேம்பிறிஜும் எம்.ஜி.ஏ.யும் போன்ற அதே உறவு. 2016இல் அதன் உற்பத்தி 10 இலட்சத்தைத் தாண்டியது. உப்பு அதனையும் தின்னும் என்பதை மறக்கக்கூடாது.

2002இல் ஏ 9 பாதை திறந்தபின் ஜப்பானிய வாகனங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பெருமளவில் வந்தன. அதே ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நின்றது. மண்ணெண்ணெயைத் தாங்கிய பழைய எஞ்சின்களுக்கு ஈயமில்லாத பெற்றோலால் வால்வு இருக்கைகள் தேயும் என்ற புதுச் செலவு வந்தது. கடின உலோகத்தில் இருக்கை செய்து பொருத்த வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் அரசு மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கும் வரை, 1960களிற் போலவே பழைய கார்களின் விலை ஏறியது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஒரு கேம்பிறிஜ் விலைக்கு வந்தால் வாங்குபவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறப்பதில்லை. பதிவுப் புத்தகத்தை வாங்கி, யார் யாருடைய கைகளில் அது இருந்தது என்று பெயர் பெயராகப் படிக்கிறார்.