படுகொலையும் பாட்டும்: சிலி நாட்டு எதிர்வினைப் பாடல்களின் கால வகைமை

1. வரையறை

அரசியல் படுகொலைகளை ஒட்டி எழும் பாடல்களை அழுகை, சினம், சூளுரை என்று மெய்ப்பாட்டால் வகுப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. இவ்வகைப்பாடு நிற்காது, ஒரே பாடலில் மூன்றும் கலந்து வருவதே பெரும்பான்மை. நிகழ்வுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட காலத்தை யாம் அளவுகோலாகக் கொள்கிறோம். இதனைக் 'காலத்தொலைவு' என்போம். பாடல் யாரை விளிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இத்தொலைவே.

'எதிர்வினைப் பாடல்' என்பது, மனிதர் திட்டமிட்டோ ஆணையிட்டோ விளைத்த சாவுக்குப் பொறுப்புக் கேட்கும் பாடல். கையறுநிலையோடு இதனை ஒன்றாக்கலாகாது. தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித்திணையில் வைத்தது காரணத்தோடுதான். காஞ்சி நிலையாமையைப் பேசுவது. அங்கே சாவு உலகியற்கை, ஆகவே குற்றவாளிக்கு இடமில்லை. எதிர்வினைப் பாடல் 'இது இயற்கை' என்பதையே மறுக்கிறது. 'சாவு வந்தது' என்று அது சொல்லாது. 'கொன்றார்கள்' என்றுதான் சொல்லும்.

ஆய்வுக்களமாகச் சிலியைத் தேர்ந்தோம். காலத்தொலைவின் இரு முனைகளும் ஐந்தே ஆண்டு வட்டத்துக்குள் அங்கே அருகருகே கிடைக்கின்றன.

2. அண்மைப் பாடல்

1969 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தென்சிலியின் புவெர்த்தோ மோன்ட் நகர விளிம்பில், பம்பா இரிகோயின் என்னும் தரிசில் வீடற்ற குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. காவல் படையினர் சுட்டதில் குறைந்தது பத்துப் பேர் இறந்தனர். அப்போது உள்துறை அமைச்சர் எத்முந்தோ பெரெஸ் சூஹோவிச். பாடகரும் நாடக இயக்குநருமான விக்டர் ஹாரா அடுத்த சில நாட்களிலேயே 'புவெர்த்தோ மோன்ட் பற்றிய கேள்விகள்' என்ற பாடலை அமைத்துவிட்டார்.

இப்பாடலின் இலக்கணம் கவனிக்கத் தக்கது. துப்பாக்கி ஏந்திய காவலரை அது பெரிதும் பொருட்படுத்துவதில்லை. சுடச் சொன்னவரையே நாடுகிறது. அமைச்சரைத் திருவாளர் என்ற மரியாதை விளியோடு, முழுக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்து, மறுமொழி கேட்கிறது. அண்மைப் பாடலின் முதல் இயல்பு இதுவே: அதன் முன்னிலை, உயிரோடிருக்கும் ஒரு பொறுப்பாளர். அவரால் பதில் சொல்ல முடியும் என்ற எண்ணத்தில்தான் பாட்டு நிற்கிறது. செய்தித்தாள் போல் ஒரு வாரத்தில் பழசாகிவிடும் என்று இவ்வகையைக் குறைத்து மதிப்பிடுவோர் இந்த எண்ணத்தைக் காணத் தவறுகின்றனர்.

ஆனால் பெயர் சொல்வதில் ஓர் இடரும் உண்டு. 1971 ஜூன் 8 அன்று பெரெஸ் சூஹோவிச் தீவிர இடதுசாரிக் குழுவொன்றால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பாடலைக் காரணமாக்குவது முறையன்று. அதற்குச் சான்றும் இல்லை. ஆயினும் அன்றோடு பாடலின் முன்னிலை மறைந்தது. கேள்வி அப்படியே இருக்க, கேட்கப்பட்டவர் இல்லாமற் போனார். பெயரால் நிற்கும் பாட்டுக்கு இந்நிலை எப்போதும் நேரலாம்.

3. சேய்மைப் பாடல்

1907 டிசம்பர் 21. வடசிலியின் வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தோடு பாலைவனத்தைக் கடந்து இகிகே துறைமுகத்துக்கு வந்திருந்தனர். கூலி பணமாக வருவதில்லை. கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் வில்லைகளாகவே வந்தது. அதை ஒழிப்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. சாந்தா மரியா பள்ளியில் தங்கியிருந்தவர்கள் மீது தளபதி ரொபெர்த்தோ சில்வா ரெனார்தின் படை சுட்டது. இறந்தோர் தொகை இன்றளவும் வழக்கில் உள்ளது: அரசுக் கணக்கு நூற்றுச் சொச்சம், மக்கள் வழக்கு ஆயிரக்கணக்கு.

பிரான்சிஸ்கோ பெசோவா இதற்குப் பின் சில காலத்திலேயே, மக்கள் அறிந்த மெட்டொன்றில் பழிவாங்கற் பாடல் ஒன்று கட்டினார். அது அண்மைப் பாடல். இகிகேயில் பிறந்த லூயிஸ் அத்விஸ் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இயற்றிய 'சாந்தா மரியா தே இகிகே' கன்டாட்டா வேறு வகை. உரைநடைக் கதைகூற்றும் பாட்டும் தனியிசையும் மாறிமாறி வரும் நீள்வடிவம் அது. ஆண்டீஸ் மலையின் கேனாக் குழலோடும் சராங்கோவோடும் ஐரோப்பியச் செல்லோ அதில் சேர்ந்து ஒலிக்கிறது. 1970 ஆகஸ்டில் எஸ்தாதியோ சிலி உள்ளரங்கில் கிலாபாயுன் குழு இதை அரங்கேற்றியது.

சேய்மைப் பாடலில் குற்றம் சாட்டப்படுவோர் உயிரோடில்லை. ஆகவே அத்விஸ் தம் படைப்பை அவையோரை மரியாதையாக விளித்தே தொடங்குகிறார். ஹாரா அமைச்சருக்கு அளித்த அதே மரியாதை இங்கே கேட்போருக்கு மாறுகிறது. கேட்போருக்கு நிகழ்வு தெரியாது என்பதால் பாட்டு முதலில் கற்பித்தாக வேண்டும். கதைகூற்றின் இன்றியமையாமை இங்கேதான். இறந்தோர் 3,600 பேர் என்று இப்படைப்பு ஏற்றுக்கொண்ட எண், ஆய்வாளர் ஐயங்களை மீறிப் பொதுநினைவில் பதிந்துவிட்டது. சேய்மைப் பாடலுக்கு இந்த வல்லமை உண்டு. இதை அதன் சிறப்பாக மட்டும் கொள்ள யாம் தயங்குகிறோம்.

இறுதிப் பகுதி, இது முடிந்துபோன கதை என்று கேட்போர் எண்ணிவிடலாகாது என எச்சரிக்கிறது. மூன்றாண்டுகளில் அந்த அரங்கே சிறையாயிற்று.

4. உட்களப் பாடல்

1973 செப்டம்பர் 11 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் விக்டர் ஹாரா அதே எஸ்தாதியோ சிலியில் அடைக்கப்பட்டார். கொல்லப்படுவதற்கு முன் அங்கே ஒரு கவிதை எழுதினார். உடனிருந்த கைதிகள் அதை வெளியே கடத்தினர். காலத்தொலைவு இங்கே சுழியம். பாடுபவரே நிகழ்வின் உள்ளே இருக்கிறார். விளிக்கப்படுவோர் யார் என்பதும் உறுதியில்லை. தாள் யார் கைக்குச் சேரும் என்பது எழுதியவருக்கே தெரியாது.

இவ்வரிகளுக்கு அவர் மெட்டமைக்கவில்லை. ஆகவே இதைப் பாடல் என்று கொள்வது தகுமா என்ற வினா எழுகிறது. எம் வரையறை இசையைக் கட்டாயமாக்கவில்லை, பொறுப்புக் கேட்டலையே கட்டாயமாக்கியது என்பது முதல் விடை. அது போதாது. எழுதியவர் இசைவாணர், வரிகள் பாடப்படுவதற்குரிய நிலையில் நின்றுபோயின. இசையின்மை இங்கே ஆக்கியோன் செய்த தேர்வன்று, கொலையின் விளைவு. குற்றத்தால் விடுபட்ட உறுப்பை வகைமையின் குறையாக எண்ணக்கூடாது என்பதால், இதனையும் எதிர்வினைப் பாடலாகவே கொள்கிறோம்.